ஒரே பெயருக்கு இரண்டு அறிவிப்பு

சி மொழியை உலகுக்குக் கற்றுத் தந்த புத்தகம் ஒன்று உண்டு. பிரையன் கெர்னிகனும் டெனிஸ் ரிட்சியும் எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்'. 1978இல் முதற்பதிப்பு, 1988இல் இரண்டாம் பதிப்பு. சி படித்தவர்களில் பெரும்பாலானோர் அதன் முதலாம் அத்தியாயத்தையாவது புரட்டியிருப்பார்கள். அந்த அத்தியாயத்தில் ஒரு சின்ன நிரல் வருகிறது. கொடுக்கும் வரிகளில் மிக நீளமானது எது என்று பார்த்து அச்சிடுவது அதன் வேலை. ஒரு வரியை வாசித்து எடுக்க 'கெட்லைன்' என்றொரு ஃபங்ஷனை ஆசிரியர்கள் தாங்களே எழுதியிருக்கிறார்கள். அதை ஓர் எழுத்தும் பிசகாமல் தட்டி இன்றைய லினக்ஸ் கணினியில், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் ஜிசிசி கம்பைலரிடம் கொடுத்தால், 'கான்ஃபிளிக்டிங் டைப்ஸ் ஃபார் கெட்லைன்' என்று கம்பைலர் நின்றுவிடும். அதன் கீழேயே இன்னொரு வரி வரும்: இதே பெயருக்கு முந்தைய அறிவிப்பு எஸ்டிடிஐஓ.எச் கோப்பின் இன்ன வரியில் இருக்கிறது என்று.

வன்னியில் இந்தப் பிழைச் செய்தியைச் சந்திக்கக்கூடியவர்கள் கொஞ்சப் பேர் அல்லர். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. கணினிப் பொறியியல் அதன் துறைகளில் ஒன்று. வவுனியா பம்பைமடுவில், 1997இலிருந்து யாழ். பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து எழுந்தது. முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்த பிள்ளை பைத்தன் மொழியோடுதான் பழகி வருகிறது. பைத்தனில் ஹெடர் கோப்பு என்ற சங்கதியே இல்லை. சி-க்கு வந்ததும்தான் தான் எழுதாத கோப்பு ஒன்றிலிருந்து, தான் கேட்காத பெயர் ஒன்று வந்து வழிமறிப்பதைப் பார்க்கிறது. புத்தகம் பிழையா, கம்பைலர் பிழையா, தட்டியவர் பிழையா என்ற குழப்பம் வருவது இயல்பு. மூன்றுமே பிழை இல்லை என்பதுதான் இதில் உள்ள சுவாரசியம்.

சி நிரல் ஒன்று தன் வேலை எல்லாவற்றையும் தானே செய்வதில்லை. திரையில் எழுத, கோப்பைத் திறக்க, நேரம் கேட்க, நினைவகத்தில் இடம் பிடிக்க எல்லாவற்றுக்கும் இயங்குதளத்திடம் போகிறது. இயங்குதளத்தோடு வரும் சி லைப்ரரியில் அந்த ஃபங்ஷன்கள் ஏற்கனவே இயந்திர மொழியில் இருக்கின்றன. கம்பைலருக்கு அவற்றின் உள்ளே பார்க்கத் தெரியாது, பார்க்கவும் தேவையில்லை. அது அறிய வேண்டியவை மூன்றே விஷயங்கள்: ஃபங்ஷனின் பெயர், அதற்கு என்னென்ன கொடுக்க வேண்டும், அது எதைத் திருப்பித் தரும். அதைச் சொல்லும் ஒற்றை வரிதான் அறிவிப்பு. அத்தகைய வரிகளை நூற்றுக்கணக்கில் திரட்டி வைத்திருக்கும் கோப்புதான் ஹெடர். லினக்ஸில் இவை யுஎஸ்ஆர் அடைவுக்குள் இன்க்ளூட் என்ற அடைவில் கிடக்கின்றன, யாரும் திறந்து வாசிக்கலாம். நிரலின் தலையில் 'இன்க்ளூட்' என்று எழுதும்போது அந்தக் கோப்பு முழுவதும் அந்த இடத்தில் அப்படியே ஒட்டப்படுகிறது. வேண்டிய ஒரு ஃபங்ஷனுக்காக எஸ்டிடிஐஓ.எச்சைக் கூப்பிட்டால் அதிலுள்ள மற்ற எல்லாப் பெயர்களும் சேர்ந்து வந்து இறங்கும்.

சி-யில் ஒரு பெயருக்கு ஒரு ஃபங்ஷன்தான். சி++ மொழியில் ஒரே பெயரில் இரண்டு மூன்று ஃபங்ஷன்களை வைத்துக்கொள்ளலாம், கொடுக்கும் பொருளைப் பார்த்துக் கம்பைலர் பிரித்துக்கொள்ளும். சி-யில் அந்தச் சலுகை இல்லை. ஒரே காணித் துண்டுக்கு இரண்டு பேர் கையில் பெர்மிட் இருந்தால் பிரதேச செயலகத்தில் என்ன நடக்கும் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இருவரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம், இரண்டு பத்திரமும் முறைப்படி கொடுக்கப்பட்டதாகவே இருக்கலாம். ஆனாலும் காணி ஒன்றுதான்.

கெட்லைன் விஷயத்தில் நடந்தது இதுவே. கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய கெட்லைன் இரண்டு பொருள்களை வாங்கும்: எழுத்துகளை இட்டு வைக்க ஓர் இடம், அந்த இடத்தின் அளவு. வரியின் நீளத்தை ஒரு சாதாரண முழு எண்ணாகத் திருப்பித் தரும். லினக்ஸின் சி லைப்ரரியான குனு சி லைப்ரரிக்காரர்கள் பின்னாளில் அதே பெயரில் வேறொன்றை எழுதினார்கள். அது மூன்று பொருள்களை வாங்கும், வரி எவ்வளவு நீளமானாலும் தானே இடத்தைப் பெருப்பித்துக்கொள்ளும். நல்ல வசதி. நீண்ட காலம் அது குனுவின் சொந்த நீட்சியாகவே இருந்தது, பிரத்தியேகமாகக் கேட்டால்தான் ஹெடர் அதைக் காட்டும். 2008இல் யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பொதுத் தரமான பொசிக்ஸ் அதை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு வந்த குனு சி லைப்ரரியின் 2.10 பதிப்பு, கேட்காமலே எல்லோருக்கும் அதைக் காட்டத் தொடங்கியது. அன்றோடு உலகெங்கும் பழைய நிரல்கள் முறியத் தொடங்கின.

முறிந்தவற்றில் மாணவர் பயிற்சிகள் மட்டும் இருக்கவில்லை. லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலின் மூலநிரலோடு யுனிஃப்டெஃப் என்ற சிறிய உதவி நிரல் ஒன்று வருகிறது. கேர்னலின் ஹெடர்களைத் தயாரிக்கும்போது அந்தக் கருவியும் அதே கணினியில் கம்பைல் ஆகி ஓட வேண்டும். அதற்குள்ளும் கெட்லைன் என்ற சொந்த ஃபங்ஷன் இருந்தது. 2009இல் புதிய லைப்ரரி இருந்த கணினிகளில் அந்த வேலையே இந்த ஒரு பெயரில் தட்டுப்பட்டு நின்றது. தீர்வு ஒரு நிமிட வேலை: யுனிஃப்டெஃபுக்குள் இருந்த கெட்லைனைப் 'பார்ஸ்லைன்' என்று மாற்றினார்கள். அப்பாச்சி வலைச் சேவையகத்தின் பழைய 1.3 வரிசையில் கடவுச்சொல் கோப்பு உண்டாக்கும் துணைநிரலுக்கும் இதே கதிதான், இதே மருந்துதான்.

இப்படிக் கம்பைலர் கத்தி நிற்பதைத் தொல்லை என்று நினைப்பவர்கள், அது கத்தாமல் இருந்த காலத்தைப் பார்க்காதவர்கள்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1970களின் தொடக்கத்தில் ரிட்சி சி-யை உருவாக்கியபோது அறிவிப்பில் 'என்ன திருப்பித் தரும்' என்பது மட்டுமே இருந்தது. என்னென்ன வாங்கும் என்று சொல்ல வழியே இல்லை. அறிவிப்பே இல்லாத ஒரு பெயரைக் கூப்பிட்டால் கம்பைலர் கேள்வி கேட்காது. அது ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும் ஃபங்ஷன் என்று தானே எடுத்துக்கொண்டு மேலே போகும். அன்றைய சிறிய இயந்திரங்களில் முழு எண்ணும் நினைவக முகவரியும் ஒரே அகலம். எனவே பிழை வெளித்தெரியாமல் தப்பித்தது. 64 பிட் கணினிகள் வந்ததும் குட்டு வெளிப்பட்டது. நினைவகத்தில் இடம் பிடித்துத் தரும் 'மாலாக்' 64 பிட் முகவரியைத் திருப்பித் தருகிறது. அதன் அறிவிப்பு உள்ள ஹெடரைச் சேர்க்க மறந்தால், பழைய கம்பைலர் அதை 32 பிட் எண் என்று நம்பி மேல்பாதியை வெட்டி எறிந்துவிடும். சில வேளை வெட்டிய பாதி பூச்சியமாக இருந்து நிரல் ஓடும், சில வேளை சம்பந்தமில்லாத இடத்தில் போய் விழும். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஓடியது வீட்டில் விழுவது இந்த வகை. காரணத்தைத் தேடுபவருக்கு ஒரு துப்பும் கிடைக்காது.

1989இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனம் சி-க்கு முதற் தரத்தை வெளியிட்டபோது, சி++ மொழியிலிருந்து முழுமையான அறிவிப்பு முறையை எடுத்துக்கொண்டது. வாங்குபவை, தருபவை இரண்டையும் எழுத்தில் வைக்கலாம் என்றானது. அதன் பிறகுதான் கம்பைலரால் இரண்டு அறிவிப்புகளை அருகருகே வைத்து ஒப்பிட முடிந்தது. அதாவது முரண்கள் அந்த ஆண்டில் பிறக்கவில்லை, கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. அதற்கு முந்திய நிரலாளர்கள் மாலாக்குக்கான அறிவிப்பைத் தங்கள் கோப்பிலேயே கையால் எழுதி வைப்பார்கள், அது எழுத்துச் சுட்டி, அதாவது எழுத்து இருக்கும் இடத்தின் முகவரி, தரும் என்று. அதைச் சொல்லும் பொது ஹெடர் அப்போது எல்லா இடத்திலும் இருக்கவில்லை. தரம் வந்தபோது மாலாக் திருப்பித் தருவது வேறு வகைச் சுட்டி ஆகிவிட்டது. கையால் எழுதிய அந்த ஒற்றை வரி இன்றும் பழைய நிரல்களில் கிடந்து, ஹெடரோடு மோதிக்கொண்டிருக்கிறது.

இயங்குதளம் ஒன்றைத் தராமல் இழுத்தடிக்கும், நிரலாளர்கள் தாங்களே எழுதிக்கொள்வார்கள், பிறகொரு நாள் இயங்குதளம் அதே பெயரில் அதைத் தரும். மோதல்களில் பெரும்பங்கு இப்படித்தான் வருகிறது. இதற்கு 'கெட்டிஐடி'யைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஒரு நிரலுக்குள் ஓடும் இழை ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதைத் தரும் வசதி லினக்ஸ் கேர்னலில் 2001இலேயே வந்துவிட்டது. ஆனால் குனு சி லைப்ரரி அதற்கொரு ஃபங்ஷன் தரவில்லை. தேவைப்பட்டவர்கள் கேர்னலை நேராகக் கூப்பிடும் இரண்டு வரி ஃபங்ஷனை எழுதி, இயல்பாகவே அதற்குக் கெட்டிஐடி என்று பெயரிட்டார்கள். 2019 ஓகஸ்டில் வந்த 2.30 பதிப்பில் லைப்ரரி அந்த ஃபங்ஷனை, அதே பெயரில், கொண்டுவந்து சேர்த்தது. கூகுளிலிருந்து வந்த ஜிஆர்பிசி என்ற பரவலான மென்பொருள் உட்படப் பல அன்றோடு கம்பைல் ஆக மறுத்தன. ஜிஆர்பிசிக்காரர்கள் தங்களுடையதைச் 'சிஸ்_கெட்டிஐடி' என்று மாற்றிக்கொண்டார்கள். 'எஸ்டிஆர்எல்சிபிவை' கதை இன்னும் நீளம். எழுத்துச் சரத்தைப் பாதுகாப்பாகப் பிரதிபண்ணும் அந்த ஃபங்ஷன் 1998இல் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தில் பிறந்தது. குனு சி லைப்ரரி அதைச் சேர்த்துக்கொண்டது 2023இல். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் எத்தனையோ மென்பொருள்கள் தங்களுக்கென்று ஒரு பிரதியை எழுதி உள்ளே வைத்துக்கொண்டிருந்தன.

வெளியாரும் இயங்குதளமும் மோதுவது ஒரு பக்கம். இயங்குதளத்தின் இரண்டு பகுதிகளே ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. லினக்ஸில் வலையமைப்பு முகவரிகளுக்கான அமைப்பைக் கேர்னலின் ஹெடரும் வரையறுக்கிறது, சி லைப்ரரியின் ஹெடரும் வரையறுக்கிறது. இரண்டையும் ஒரே நிரலில் சேர்த்தால் மீள்வரையறை என்று பிழை வரும். நிரலாளர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. 2013இல் கேர்னல் தரப்பு 'லிப்சி-கம்பாட்.எச்' என்ற ஒரு கோப்பைச் சேர்த்தது. சி லைப்ரரியின் ஹெடர் முன்னமே வந்துவிட்டதா என்று பார்த்து, வந்திருந்தால் கேர்னல் தன் வரையறையை மறைத்துக்கொள்ளும். விண்டோசில் இதற்கு ஒத்த பழைய தலையிடி, வலையமைப்புக்கான வின்சாக். விண்டோஸ்.எச் தனக்குள்ளே பழைய வின்சாக்.எச்சை இழுத்துக்கொண்டு வரும். அதன் பின் யாராவது புதிய வின்சாக்2.எச்சைச் சேர்த்தால், பக்கம் பக்கமாகப் பிழைகள் கொட்டும். முதலில் வின்சாக்2, பிறகு விண்டோஸ் என்று இரண்டு வரிகளையும் இடம் மாற்றினால் எல்லாம் அடங்கிவிடும்.

இதைவிடக் கள்ளமானது 'எஸ்டிஆர்எரர்_ஆர்'. பிழை எண்ணைக் கொடுத்தால் அதற்கான விளக்க வாசகத்தைத் தருவது இதன் வேலை. லினக்ஸில் இதற்கு ஒரே பெயரில் இரண்டு உருவங்கள். பொசிக்ஸ் தரத்தின்படி வாசகத்தை நாம் கொடுத்த இடத்தில் எழுதிவிட்டு, வேலை முடிந்ததா என்பதை ஓர் எண்ணாகத் திருப்பித் தருவது ஒன்று. குனுவின் வழக்கப்படி வாசகத்தின் முகவரியையே திருப்பித் தருவது மற்றது. இதில் நாம் கொடுத்த இடம் தொடப்படாமலே கிடக்கலாம். எந்த உருவம் வரும் என்பதை, ஹெடரைச் சேர்க்கும் முன் நிரல் '_குனு_சோர்ஸ்' என்ற அடையாளத்தை வரையறுத்ததா என்பதே தீர்மானிக்கிறது. சி++ கம்பைலர் அதைத் தானாகவே வரையறுத்துவிடும். எனவே ஒரே கோப்பை சி-யாகக் கம்பைல் செய்தால் ஒன்று, சி++ ஆகக் கம்பைல் செய்தால் வேறொன்று. ஆல்பைன் லினக்ஸ் பயன்படுத்தும் மஸ்ல் லைப்ரரியில் பொசிக்ஸ் உருவம் மட்டுமே உண்டு. குனுவை நம்பி எழுதியது அங்கே கவிழும்.

அப்படியானால் மோதல் வந்தால் என்ன செய்வது? முதல் வேலை, பிழைச் செய்தியின் இரண்டாவது வரியை வாசிப்பது. பெரும்பாலானோர் முதல் வரியோடு பதறி விடுகிறார்கள். முந்தைய அறிவிப்பு எந்தக் கோப்பில், எந்த வரியில் என்று கம்பைலரே சொல்லியிருக்கும். அந்த ஹெடரைத் திறந்து அந்த வரிக்குச் சற்று மேலே பார்த்தால், எந்த நிபந்தனையின் கீழ் அந்த அறிவிப்பு வெளியே காட்டப்படுகிறது என்பதும் தெரியும். எந்த ஹெடர் எந்த ஹெடரை இழுத்து வந்தது என்று புரியாவிட்டால், ஜிசிசிக்குக் கழித்தற்குறியும் பெரிய 'ஈ' எழுத்தும் சேர்த்துக் கொடுக்கலாம். எல்லா ஹெடர்களும் ஒட்டப்பட்ட முழு உரையையும் அது கொட்டும். ஆயிரக்கணக்கான வரிகள் வரும், அதில் பெயரைத் தேடி எடுக்க வேண்டும்.

பிறகு, அந்த ஃபங்ஷன் யாருடையது என்று முடிவு செய்ய வேண்டும். தன்னுடையது என்றால் பெயரை மாற்றுவதுதான் சுத்தமான வழி. தனது திட்டத்தின் பெயரை முன்னொட்டாகச் சேர்த்துவிட்டால் அடுத்த பத்து ஆண்டுக்குத் தொல்லை இல்லை. 'ஸ்டாட்டிக்' என்று போட்டு இந்தக் கோப்புக்கு மட்டும் உரியது என்று சொல்லிவிடலாமே என்று சிலர் பார்ப்பார்கள். அது பலிக்காது. ஹெடர் பொதுவானது என்று சொன்ன பெயரை இன்னொரு வரி தனிப்பட்டது என்று சொல்ல, புதிய பிழைதான் வரும். மாறாக அந்த ஃபங்ஷன் இயங்குதளத்துடையது, பழைய நிரல் அதைக் கையால் அறிவித்திருக்கிறது என்றால், கையால் எழுதிய வரியை அழித்துவிட்டு உரிய ஹெடரைச் சேர்க்க வேண்டும். இயங்குதளத்தின் ஃபங்ஷனுக்கு நிரலாளர் தானாக அறிவிப்பு எழுதுவது எந்த நிலையிலும் நல்லதல்ல. கெர்னிகன், ரிட்சி நிரல்போலப் புத்தகத்தில் உள்ளபடியே ஓட வேண்டும் என்றால் இன்னொரு வழி: 1999ஆம் ஆண்டுத் தரத்தை மட்டும் கண்டிப்பாகப் பின்பற்று என்று கம்பைலருக்குச் சொன்னால், ஹெடர் பொசிக்ஸ் பெயர்களை மறைத்துக்கொள்ளும். கெட்லைன் மறைந்துபோகும்.

செய்யவே கூடாத ஒன்றும் இருக்கிறது. யுஎஸ்ஆர் இன்க்ளூடுக்குள் போய் இயங்குதளத்தின் ஹெடரையே திருத்துவது. அந்த நேரத்துக்கு வேலை நடக்கும். அடுத்த இற்றைப்படுத்தலில் திருத்தம் அழிந்துபோகும். அதற்குள் அதே கணினியில் வேறு நிரல்களுக்கு என்னென்ன ஆனதோ!

இந்த விவகாரத்தில் தமிழுக்கென்று ஒரு தனிப் பங்கு உண்டு. வன்னியில் அரச அலுவலகமோ, பாடசாலையோ, அச்சகமோ, பழைய கணினி ஆவணங்கள் என்றால் பாமினி எழுத்துரு வராமல் இராது. பாமினியில் 'தமிழ்' என்று தட்டிச் சேமித்தால் கோப்புக்குள் உண்மையில் கிடப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அந்த அரைப்புள்ளிதான் ழகரத்தின் மேலுள்ள புள்ளி. எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழும் போய்விடும். இதிலிருந்து மீள்வதற்காக 1990களின் பிற்பகுதியில் பல நாடுகளிலிருந்த தமிழ்க் கணினி ஆர்வலர்கள் சேர்ந்து உருவாக்கிய குறியேற்றம் டிஸ்கி. பின்னர் யூனிகோட் எல்லாவற்றையும் உள்வாங்கியது. டிஸ்கியில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்ற லினக்ஸில் தனிக் கருவி தேட வேண்டியதில்லை. குனு சி லைப்ரரிக்குள்ளேயே 'ஐகான்வ்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது, அது டிஸ்கியை அறியும். அந்தப் பகுதியை 2002இல் எழுதியவர் புரூனோ ஹைபிள் என்ற ஜெர்மானியர். எளிய வேலை அல்ல அது. டிஸ்கி எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் வைக்கும், யூனிகோட் ஒலிக்கும் ஒழுங்கில் வைக்கும். 'கொ' என்பதற்கு டிஸ்கியில் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடில் ககரம் முதலில், ஒகரக் குறி பிறகு. கொம்பு வந்ததும் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்து என்ன வருகிறது என்று பார்த்தே மாற்ற வேண்டியிருக்கிறது. பாமினிக்கு இந்த லைப்ரரியில் இடமில்லை, அதற்கு வேறு மாற்றிகள்தான்.

இந்த ஐகான்வுக்குத்தான் உலகம் இரண்டு விதமான அறிவிப்பு வைத்திருந்தது. மாற்ற வேண்டிய உரை எங்கே இருக்கிறது என்று அதற்குச் சொல்ல வேண்டும். வாசித்த அளவுக்கு அந்தச் சுட்டியை ஐகான்வ் நகர்த்திக்கொண்டு போகும், உரையைத் தொடாது. 'தொடமாட்டேன்' என்ற உறுதியை சி-யில் 'கான்ஸ்ட்' என்ற சொல்லால் எழுதுவார்கள். பழைய சோலாரிஸ், நெட்பிஎஸ்டி போன்ற இயங்குதளங்கள் அந்தச் சொல்லோடு அறிவித்தன. குனுவும் இன்றைய பொசிக்ஸ் தரமும் அதில்லாமல் அறிவிக்கின்றன. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று தோன்றும். ஆனால் சுட்டிக்குச் சுட்டி என்று இரண்டு படி உள்ளே போகும்போது, கான்ஸ்ட் உள்ளதையும் இல்லாததையும் வேறு வேறு வகை என்றே சி கணக்கிடுகிறது. ஒன்றுக்கு எழுதினால் மற்றதில் எச்சரிக்கை வரும், சி++ ஆக இருந்தால் பிழையே வரும். தமிழ் உரையை மாற்றும் ஒரே நிரல் லினக்ஸிலும் நெட்பிஎஸ்டியிலும் முறுமுறுப்பின்றிக் கம்பைல் ஆவது கடினமாக இருந்தது.

இதற்கும் வழி செய்தவர் அதே ஹைபிள். நிறுவும் முன் கணினியைச் சோதித்துப் பார்க்கும் 'ஆட்டோகான்ஃப்' என்ற ஏற்பாடு 1991இலிருந்தே இருந்தது. அதற்காக அவர் எழுதிய சோதனை மிகவும் கெட்டித்தனமானது. கணினியின் ஐகான்வ் ஹெடரைச் சேர்த்துவிட்டு, அதன் கீழே கான்ஸ்ட் இல்லாத ஓர் அறிவிப்பை வேண்டுமென்றே எழுதிக் கம்பைலரிடம் கொடுக்கிறது. ஒத்துப்போனால் இது குனு மாதிரியான கணினி. மோதல் பிழை வந்தால் இங்கே கான்ஸ்ட் இருக்கிறது என்று அர்த்தம். கிடைத்த பதிலை 'ஐகான்வ்_கான்ஸ்ட்' என்ற அடையாளத்தில் வைத்துவிடும். நிரல் அந்த அடையாளத்தைப் பயன்படுத்தினால் போதும், எந்தக் கணினிக்கும் பொருந்தும். மற்றவர்கள் ஒழிக்கப் பார்த்த பிழையை, ஹைபிள் அளவுகோலாக்கிக்கொண்டார். நெட்பிஎஸ்டி தனது 10ஆம் பதிப்பில் கான்ஸ்டை எடுத்துவிட்டது. சோதனை இன்னும் இருக்கிறது, பழைய பதிப்புகள் ஓடும் கணினிகளும் இருப்பதால்.

இலங்கையிலும் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாண்ட பெரிய வேலை ஒன்று உண்டு. 2003இல் தொடங்கிய லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சேர்ந்தவர்கள் முன்னின்று எழுதிய அப்பாச்சி ஆக்சிஸ்2/சி. 2007இல் அதன் 1.0 பதிப்பு வந்தது. வலைச்சேவைகளுக்கான அந்த மென்பொருள் முழுக்க சி-யில், லினக்ஸிலும் விண்டோசிலும் ஓட வேண்டும் என்ற கட்டாயத்தோடு எழுதப்பட்டது. அதன் உட்பகுதிகள் இயங்குதளத்தை நேராக அழைக்காமல் தங்களுக்கென்று வைத்த பெயர்களை அழைக்கும். எந்த இயங்குதளம் என்று பார்த்து உரிய ஹெடரைத் தேர்ந்தெடுக்கும் வேலை ஒரே ஒரு கோப்புக்கு. மோதல் வந்தாலும் அந்தக் கோப்பில்தான் வரும், திருத்துவதும் அங்கேதான். முன்னொட்டு போட்ட நீண்ட பெயர்களால் நிரல் வாசிக்கச் சற்று அலுப்பாக இருக்கும் என்பது உண்மை. ஆனாலும் சி-யில் எழுதும் எந்தப் பெரிய திட்டமும் கடைசியில் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது.

பழைய தாராளம் இப்போது முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது. அறிவிப்பில்லாத ஃபங்ஷனைக் கூப்பிடுவதை 1999ஆம் ஆண்டுத் தரமே தடை செய்திருந்தாலும், பழைய நிரல்கள் முறியுமே என்று ஜிசிசி கால் நூற்றாண்டாக எச்சரிக்கையோடு விட்டு வந்தது. 2024 மே மாதம் வந்த ஜிசிசி 14 அதைப் பிழையாக்கியது. பொருந்தாத சுட்டி வகைகளும் எச்சரிக்கையிலிருந்து பிழைக்கு உயர்ந்தன. ஐகான்வுக்குத் தவறான வகை கொடுத்த சி நிரல் இனி முறுமுறுப்போடு தப்பிக்க முடியாது. 2025இல் வந்த ஜிசிசி 15, 2023ஆம் ஆண்டுத் தரத்தை இயல்பாக்கியது. அதன்படி ஃபங்ஷன் பெயருக்குப் பின் வெறும் அடைப்புக்குறி போட்டால், அது எதையும் வாங்காத ஃபங்ஷன். முன்பு அதற்கு 'என்ன வாங்கும் என்று சொல்லவில்லை' என்பதே பொருள். 1980களின் பாணியில் வெற்று அடைப்புக்குறியோடு அறிவித்து, பின்னால் இரண்டு மூன்று பொருள்களோடு எழுதப்பட்ட ஃபங்ஷன்கள் எல்லாம் தங்களோடு தாங்களே மோதத் தொடங்கின.

இதில் யாரும் சுலபமாக எதிர்பாராத சிக்கல் ஆட்டோகான்ஃப் சோதனைகளில் வந்தது. அவை சின்னச் சின்ன நிரல்களைக் கம்பைல் செய்து பார்த்தே கணினியில் என்ன இருக்கிறது என்று அறிகின்றன. அந்தச் சின்ன நிரல்களில் பலவும் பழைய பாணியில் அரைகுறையாக எழுதப்பட்டவை. ஹெடர் சேர்க்காமல் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பார்ப்பவை. புதிய கம்பைலர் அவற்றை நிராகரிக்கும். பிழை திரைக்கு வராது, சோதனைக்குள்ளேயே விழுங்கப்படும். 'இந்தக் கணினியில் அந்த ஃபங்ஷன் இல்லை' என்ற பொய்யான பதில் மட்டும் மிஞ்சும். அதை நம்பி மென்பொருள் தன் சொந்தப் பிரதியை எடுத்துப் பயன்படுத்தும். அந்தப் பிரதி இயங்குதளத்தின் ஹெடரோடு மோதினால் நல்லது, தெரியவாவது வரும். மோதாவிட்டால் ஒரு வசதி குறைந்த மென்பொருள் யாருக்கும் தெரியாமல் வெளியாகிவிடும். ஃபெடோரா லினக்ஸில் இதைக் கண்டுபிடிக்க ஃபுளோரியன் வைமரும் மற்றவர்களும், சோதனைகள் உள்ளுக்குள் விழுங்கிய பிழைகளையும் பதிந்துவைக்கும்படி மாற்றிய ஒரு ஜிசிசியைக் கொண்டு மென்பொருள் தொகுப்புகளை மறுபடி கட்டிப் பார்த்தார்கள். சோதனை நிரல்கள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டு அந்தந்தத் திட்டங்களுக்கு அனுப்பப்பட்டன. பராமரிக்க ஆளில்லாத பழைய தொகுப்புகளில் அந்த வேலை இன்னும் மிச்சம் கிடக்கிறது.